பையோடு நிறுத்த எடை

தராசக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் கடையைக் காட்டுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே தலையைச் சொறிவார். போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே மளிகைக் கடை. அப்பா விட்டுப்போனதை இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். புருஷன் பஸ் கண்டக்டர், தங்கமான மனுஷன். ஆனால் கடையில் உட்காரவைத்தால் அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போவார் என்பதால் அவரை அந்தப் பக்கமே அண்டவிடுவதில்லை.

எடை விஷயத்தில் அவளை மாதிரி கறார் கிடையாது. பருப்போ சர்க்கரையோ, முதலில் காலிக் கவரைத் தராசில் வைப்பாள், எண்ணைப் பூஜ்யமாக்குவாள், அப்புறம்தான் சரக்கைக் கொட்டுவாள். "கவரையா வேகவெச்சு சாப்பிடப் போறே? அதுக்கு எதுக்குக் காசு?" என்பாள். பட்டப்பேர் வந்தது அப்படித்தான்.

அந்த நல்ல பேரே கடைசியில் அவளை மாட்டிவிட்டது. கஞ்சா பிடிபட்டால், எடை போட வெளியாள் ஒருத்தர் வேண்டும், அவர் சாட்சிக் கையெழுத்தும் போடவேண்டும் என்று ஒரு நடைமுறை. ஸ்டேஷன்காரர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? எதிரிலேயே தராசு, பக்கத்திலேயே ஊரே நம்புகிற பெண்பிள்ளை. பதினோரு வருஷம் கூப்பிட்டார்கள், பதினோரு வருஷமும் தராசைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

முதல் தடவை மேஜை மேல் ஒரு பையை வைத்தபோதே கேட்டாள். "சார், பையைப் பிரிச்சு சரக்கை மட்டும் நிறுக்கலாமா?"

"வேண்டாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பை மேலதான் சீல் வைக்கணும். பிரிச்சா சிந்தும், அதுக்கு வேற நான் பதில் எழுதணும். அப்படியே வைங்க. சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான்."

அடையாளத்துக்கு என்று பெரிய மனுஷன் சொன்னால் அடையாளத்துக்குத்தான் என்று இவள் எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் அலமாரியிலிருந்து யாரும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது, அதற்காக மூட்டையின் எடையைக் குறித்துவைக்கிறார்கள். பார்சல் ஆபீஸில் பெட்டியோடு சேர்த்துத்தானே நிறுக்கிறார்கள், அதே கணக்கு. இப்படித்தான் அவள் புத்தி போயிற்று. வியாபாரம் பண்ணுகிறவளுக்கு வேறு எப்படிப் போகும்? காகிதத்தில் "பொருளின் எடை" என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே எண்ணை எழுதினார்கள், அதன் கீழே இவள் கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் ஏறினால் இரண்டே கேள்வி. எடை போட்டது நீங்களா? கையெழுத்து உங்களுடையதா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கி, கடையைத் திறக்க ஓடிவருவாள். பையைக் கழித்தீர்களா என்று ஒரு வக்கீலாவது வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டாமா? படித்த படிப்பை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்தார்களோ.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜைக்குத் தையல்காரரின் பை வந்தது. கடையிலிருந்து நாலாவது வீடு. அவர் யோக்கியர் என்று யாரும் சத்தியம் பண்ண வரவில்லை, அவர் பெண்சாதியே வரவில்லை. தானும் புகைப்பார், தெரிந்த நாலு பேருக்கும் கொடுப்பார். பை அவரே தைத்தது. கெட்டிக் கித்தான் துணி, இரட்டை மடிப்பு, உள்ளே இன்னொரு துணி, வாய்க்குப் பெரிய பித்தளை ஜிப். தராசில் வைத்ததும் ஆயிரத்து நாற்பது கிராம் என்று எண் நின்றது.

"தப்புப் பண்ணினாலும் தையல்ல குறை வைக்கலை மனுஷன்," என்றாள் தராசக்கா. ஏட்டு சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் சிரிக்கவில்லை.

பத்து வருஷம் போட்டார்கள். பத்து. இரண்டு பெண் குழந்தைகள், சின்னது அப்போது நடக்கவே ஆரம்பிக்கவில்லை. கஞ்சா கேஸ் என்றால் அப்படித்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், தராசக்காவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். தையல்காரர் பெண்சாதி அதே மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் குடும்பத்தை ஓட்டினாள். மேல்முறையீடு போட்டிருந்தார்கள். அது ஒரு மூலையில் கிடந்தது.

இப்படி இருக்கும்போது, போன மாசம் தங்கச்சி மகள் வந்து நின்றாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். குற்றவியல் நீதி, போதைப்பொருள் கொள்கை என்று மூச்சுமுட்டும் தலைப்பில் மூணு நாள் கருத்தரங்கு, அதில் இவள் ஓடியாடி வேலை செய்கிறாள். கடைசி நாள் "மக்கள் குரல்" என்று ஒரு பகுதி. பேச ஒத்துக்கொண்ட வியாபாரிகள் சங்கத் தலைவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

"பெரியம்மா, அஞ்சே நிமிஷம். தெருவுல தொல்லை ஜாஸ்தியாயிடுச்சு, ரோந்து வேணும்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. மானம் போயிடும் எனக்கு."

"உன் மானத்தைக் காப்பாத்த நான்தான் கிடைச்சேனா?" என்று கேட்டுக்கொண்டேதான் நல்ல புடவையை எடுத்தாள்.

அரங்கத்தில் குளிர் எலும்புவரை ஏறியது. கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள், "சமூகப் பிரதிநிதி" என்று. முன்வரிசையில் பழைய இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். இப்போது பெரிய அதிகாரி, தொந்தியும் பதவிக்கு ஏற்றபடி வளர்ந்திருந்தது. மேடையில் ஒரு பேராசிரியர் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பேசியவர்கள் பேசியதில் பாதி இவளுக்குக் கொட்டாவியாகப் போயிற்று. இவர் படம் போட்டதால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்த ஊர்க் கோர்ட்டுத் தீர்ப்புகள் நானூற்றுச் சொச்சத்தை அவர் படித்தாராம். ஒவ்வொரு வழக்கும் ஒரு புள்ளி. நடுவே ஒரு சிவப்புக் கோடு, அது ஒரு கிலோ. கோட்டுக்குக் கீழே ஆங்காங்கே புள்ளிகள். கோட்டைத் தாண்டியதும் கொசகொசவென்று மொய்த்துக் கிடந்தன.

"கவனிச்சீங்களா?" என்றார் பேராசிரியர். "ஆயிரத்து இருபது, ஆயிரத்து நாற்பது, ஆயிரத்து எழுபது. விற்கிறவங்க துணிஞ்சு அளவைக் கூட்டிட்டாங்க. தண்டனை மேல பயம் போயிடுச்சு. அதனால இந்தக் கோட்டை அரை கிலோவுக்கு இறக்கணும்னு அரசுக்குப் பரிந்துரை பண்றோம்."

தராசக்கா தங்கச்சி மகளின் முழங்கையை இடித்தாள். "அந்தச் சிவப்புக் கோடு என்னடி?"

"அதுக்குக் கீழே இருந்தா சின்ன அளவு பெரியம்மா. ஒரு வருஷத்துக்கு மேல போட முடியாது. மேலே போனா பத்து வருஷம் வரைக்கும் போடலாம்."

"எடையைப் பார்த்தா வருஷம் போடறாங்க?"

"ஆமா. சட்டம் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எடை போடறது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கித்தான் துணி, இரட்டை மடிப்பு, பித்தளை ஜிப். தினம் எத்தனை மூட்டை தூக்குகிறாள், எது எவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பை காலியாகவே நூற்றைம்பதுக்குக் குறையாது. ஆயிரத்து நாற்பதில் அதைக் கழித்தால் மனுஷன் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வந்திருக்கவேண்டியவர். பாவி, பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தையல் நன்றாயிருக்கிறது என்று கேலி வேறு பேசினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். மைக் வாய்க்கு எட்டவில்லை, இழுத்து இறக்கிக்கொண்டாள்.

"ரோந்து வேணும்னு பேச வந்தேன். அது கிடக்கட்டும். ஐயா, அந்தப் படத்தை மறுபடி போடுங்க."

பேராசிரியர் மரியாதைக்குப் போட்டார்.

"அந்தப் புள்ளியில பாதி நான் நிறுத்தது. என் தராசு, என் கையெழுத்து. ஒண்ணுகூட சரக்கை மட்டும் நிறுத்தது இல்லை. பையோட, டப்பாவோட, ஈரச் சாக்கோட நிறுத்தது. அளவைக் கூட்டினது விற்கிறவன் இல்லைங்க. பைதான் கூட்டியிருக்கு. அந்தப் பையாலதான் எங்க தெருத் தையல்காரர் நாலு வருஷமா உள்ளே கிடக்கார். அடையாளத்துக்குன்னு சொன்னாங்க, நானும் கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் குடுத்தேன். சொன்னவர் இதோ முன்னாடிதான் உட்கார்ந்திருக்கார்."

அதிகாரி செல்போனை எடுத்து மும்முரமாக எதையோ தேட ஆரம்பித்தார். பேராசிரியர் புன்னகை பண்ணினார். அந்தப் புன்னகைக்கே இரண்டு அறை கொடுக்கலாம்.

"அம்மா சொல்றது உணர்வுபூர்வமான தனிப்பட்ட அனுபவம். நாங்க மதிக்கிறோம். ஆனா ஆய்வுன்னா தரவு வேணும்."

"நீங்க தரவுன்னு காட்டினதே என் தராசைத்தானேங்க."

பின்வரிசையில் மாணவர்கள் யாரோ கைதட்டினார்கள். தலைமை தாங்கிய அம்மாள் மணியை அடித்தாள். நேரம் முடிந்துவிட்டது, மிக்க நன்றி, கருத்துகளை எழுத்தில் அனுப்பினால் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம். அப்புறம் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். உள்ளே ஒருத்தன் வருஷக்கணக்கில் கிடக்கிறான் என்று ஒருத்தி மைக்கில் சொல்லியிருக்கிறாள், இவர்களுக்கு பிஸ்கட் தொண்டைக்குள் இறங்குகிறது.

டீ மேஜைக்குப் பக்கத்தில் அதிகாரி வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோசிச்சுப் பேசணும்மா. கோர்ட்ல சத்தியம் பண்ணிச் சொன்னதை இப்ப மாத்தினா கேஸ் உங்க மேலதான் திரும்பும். வயசான காலத்துல எதுக்கு?"

"ஒரு வார்த்தை கேக்கறேன் சார். எடைக்குத்தான் வருஷம்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவர் சர்க்கரையைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்," என்று இவளே சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தங்கச்சி மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தால், அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தது. "தையல்காரரோட மேல்முறையீடு இன்னும் நிக்குதா பெரியம்மா? வக்கீல் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க," என்றது.

மறுநாள் காலையில் கடை திறக்கவில்லை. சரக்கு வாங்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துபோனார்கள். தராசக்கா வக்கீல் ஆபீஸில் இருந்தாள். ஒரே அறை, மேஜைக்கு அடியிலும் கேஸ் கட்டுகள். எதிர் நாற்காலியில் தையல்காரர் பெண்சாதி, விரலில் நூல் அறுத்த தழும்புகளோடு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தராசக்கா சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலத்தை வக்கீல் உரக்கப் படித்தார். பை இன்னும் கோர்ட் சாமான் அறையில்தான் இருக்கவேண்டும், அதை மட்டும் தனியாக நிறுத்துப் பார்க்க மனு போடலாம், பைக்கு நாற்பத்தோரு கிராம் தேறினாலே போதும், சின்ன அளவாகிவிடும், தண்டனை ஒரு வருஷத்தைத் தாண்டாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் மறைக்க விரும்பலைம்மா. இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, முன்னாடி சொன்ன சாட்சி தப்புன்னு நீங்களே ஒத்துக்கறதா ஆகும். அவங்க சும்மா இருக்க மாட்டாங்க. வீட்டுல கலந்து பேசிட்டீங்களா?"

"பேசியாச்சு. எங்க வீட்டுக்காரர் தூங்காம கேட்டதே இதைத்தான். பேனாவைக் குடுங்க."

நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். தையல்காரர் பெண்சாதி நன்றி சொல்வாள் என்று வக்கீல் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, அவள் பக்கம் தலையாட்டினார்.

அவள் கேட்டாள், "ஐயா, சின்ன அளவா இருந்தா ஒரு வருஷம்தான்னு சொன்னீங்க. அவர் உள்ள போய் நாலு வருஷம் ஆச்சே. சின்னவளுக்கு அப்பா முகமே தெரியாது. அந்த மூணு வருஷத்தை நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். மேஜையிலிருந்த கட்டுகளில் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

தராசக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"முதல்ல என்கிட்ட கேளும்மா," என்றாள். "அப்புறம் ரெண்டு பேருமா போய் மத்தவங்களைக் கேப்போம்."