கிணற்றில் கரைந்த உப்பு

மலேசியாவில் பந்திங் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. அதன் கிணற்றில் உப்பை அளக்கும் மீட்டரை இறக்கியபோது எண் ஏறிக்கொண்டே போனது. கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருந்த கிணறுகளில்கூட அவ்வளவு உப்பு இல்லை. மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி இறக்கினேன். அதே எண்தான்.

கிள்ளானுக்குத் தெற்கே நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. நான் அதில் கடைசியாகச் சேர்ந்தவன், எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். என்ன வேலை என்று எங்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் யார் கேட்டாலும், மகன் தண்ணிக்கு டாக்டர் என்று அம்மா சொல்லிவிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

என் மேலதிகாரி பொறுமையான மலாய்க்காரர். மணல் அடுக்கு ஒன்றின் வழியே கடல்நீர் அங்கே எட்டியிருக்கும், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துவிடு என்றார். சிவப்பு என்றால் கிணற்றை மூடச் சொல்லிப் பரிந்துரை போகும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில், கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள் குளிக்கவும் துவைக்கவும் நம்பியிருந்தது அந்தக் கிணற்றைத்தான். கொஞ்சம் பொறுங்கள், ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

முடிவு வந்ததும் எனக்குப் பிடிவாதம் கூடியது. கடல்நீர் கலந்திருந்தால் உப்போடு மக்னீசியமும் கூடியிருக்க வேண்டும். இங்கே உப்பு மட்டும்தான் கூடியிருந்தது. நல்ல தண்ணீரில் சமையல் உப்பைக் கலக்கியது போல.

அதுவரை நான் போனதெல்லாம் கோயில் வெறிச்சோடிக் கிடந்த காலை நேரங்களில். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலையில் போனேன். கிணற்றைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் உப்புப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அப்படியே உள்ளே கொட்டினார். அடுத்தவர் கையிலும் பாக்கெட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்கலைக்கழகம் போக எழுதும் ஆறாம் படிவப் பரீட்சைக்கு முன்னால், கிள்ளானில் ஒரு கோயில் தொட்டியில் அம்மாவும் எனக்காக இப்படித்தான் உப்புக் கரைத்தார்.

கோயில் தலைவர் லோரி ஓட்டுபவர். சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொன்னதும் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"நீங்க நம்ம பிள்ளை தம்பி. நம்பரைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க லா."

"நம்பரை மாத்த மாட்டேன் அண்ணே. தண்ணிய மாத்தலாம். உப்பை நிறுத்திட்டு, கிணத்தை இறைச்சுப் பாப்போம்."

அவர் ஒத்துக்கொண்டார். பாக்கெட்டைக் கடித்துத் திறந்த அந்த ஆன்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு, கிள்ளானுக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார்.

"உப்பு கரைஞ்சாத்தான் தம்பி வினை கரையும். நிறுத்தச் சொல்ல நீ யாரு?"

மக்னீசியத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் அம்மாவும் இதையேதான் கேட்டிருப்பார்.

"கரையட்டும் ஆன்டி. இந்தக் கிணத்துலதான் கரையணும்னு அம்மன் சொன்னாளா?"

"வேற எங்க கரைக்கிறது, உன் தலையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்தான் வழி சொன்னார். கிணற்றுத் தண்ணீரையே ஒரு நீல டிரம்மில் நிரப்பி அம்மன் முன்னால் வைப்பது, உப்பை அதில் கரைப்பது, டிரம் நிறைந்தால் அவருடைய லோரியில் மோரிப் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஊற்றுவது. கடலுக்கு உப்புப் போவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆன்டி டிரம்மை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தால்தான் ஆச்சு என்றார். வைத்தோம்.

பம்பைக் கொண்டுவந்து கிணற்றை இறைத்தோம். அடியிலிருந்து கறுத்த சேறும், மட்காத பாக்கெட்டுகளும் வந்தன. வேண்டுதலுக்காகக் கிணற்றில் உப்புப் போடுவார்கள் என்று மேலதிகாரிக்கு மலாயில் விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். பிறகு, கடலும் கொஞ்சம் வந்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடாமல் அளப்பேன் என்றேன்.

எண் ஒரேயடியாக இறங்கவில்லை. கிணற்றில் நீர் ஊற ஊற, மழை பெய்யப் பெய்ய, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கியது. பக்கத்துக் கிணறுகளின் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பச்சைப் புள்ளி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மஞ்சள் வைத்தேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மஞ்சள் என்றால் என்ன என்று ஆன்டி கேட்டார்.

"மூட மாட்டாங்க. ஆனா நான் அடிக்கடி வந்து அளந்துக்கிட்டே இருப்பேன்."

"அப்ப வெள்ளிக்கிழமையாப் பாத்து வா. பொங்கலாவது கிடைக்கும்."