கடுக்காய்த் துவர்ப்பும் வயிற்றுக் கிருமியும்

முதலில் மலம்தான் கறுத்தது, ரோட்டுத் தார் போல. வயிற்றெரிச்சல் பல மாதங்களாகவே இருந்ததால் அதையும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு காலையில், வெள்ளிமலையில் எங்கள் வீட்டு வாசலில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் நான்.

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. அண்ணன் யாரிடமோ சைக்கிள் வாங்கி, என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். மரம் குறுக்கே கிடந்த இடங்களில், மறியல் செய்தவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். ரத்தம் நின்றது. அல்சர் (இரைப்பைப் புண்) என்றார். என்ன படிக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கோட்டாவுல சீட்டு வாங்கிட்டே. இப்ப பாரம் தாங்கல. கவலை ஜாஸ்தியானா புண்ணு வரத்தான் செய்யும். படிப்ப விட்டுடு, சரியாயிடும்."

எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றியது.

"என் வயித்துக்குள்ள பாக்காமலே எப்படிங்க சொல்றீங்க?"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். அங்கிருந்த பெண் டாக்டரிடம் கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் துளி சதை எடுத்துச் சோதித்தார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். சுருண்ட சின்னச் சின்னக் கோடுகள்.

"இதாம்மா உன் கவலை," என்றார்.

இரைப்பை அமிலத்தில் ஒரு கிருமி வாழும் என்பதை அப்போது பல டாக்டர்களே நம்பவில்லை. எனக்கு இரண்டு ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி), கூடவே பிஸ்மத் (புண்ணின்மேல் படியும் மருந்து) கொடுத்தார்கள். நாக்கு கறுத்தது. குடிக்கும் தண்ணீரில்கூட இரும்புச் சுவை. குமட்டலில் நான் சுருண்டு கிடந்ததை அண்ணனால் பார்க்க முடியவில்லை.

"இன்னாத்துக்கும்மா இந்தப் பாடு? மாத்திரய நிறுத்திட்டு கடுக்காய்த் தூளக் குடி. நம்ம மலையில இல்லாத மருந்தா?"

"மாசக்கணக்கா அததானேண்ணா குடிச்சிக்கினு இருந்தேன்? அப்புறந்தானே ரத்தம் வந்துச்சு?"

மாத்திரைகளைக் கடைசிவரை விழுங்கினேன். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது, கிருமி இல்லை. கல்லூரிக்குத் திரும்பினேன்.

ஆனாலும் அண்ணன் கேட்டது மனதில் கிடந்தது. கடுக்காய்க்கு அந்தக் கிருமியை ஏதாவது செய்யும் திறன் உண்டா, இல்லையா? பின்னாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அதையே எடுத்தேன். "நாட்டு வைத்தியத்துக்கு எதுக்கு லேப்?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் மலைக் கடுக்காயைப் பொடித்து, அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின்களை (தாவர வேதிப்பொருள்) பிரித்தெடுத்தேன். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் வைத்தேன். வைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக வெறுமை. அங்கே மட்டும் கிருமி வளரவில்லை. தட்டும் கையுமாக நின்று உரக்கச் சிரித்தேன்.

ஆனால் தட்டு வேறு, வயிறு வேறு. வயிற்றுக்குள் அந்தச் சத்து சிதையாமல் இருக்குமா, சளிப்படலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் கிருமியை எட்டுமா என்பதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கடுக்காயே போதும் என்று என் பெயரைப் போட்டு விற்க ஒரு வியாபாரி வந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

சென்ற வருடம் அண்ணனுக்கே வயிற்றெரிச்சல் வந்தது.

"நீ பிரிச்சு வெச்சிக்கினு இருக்கியே, அதக் குடு. குடிச்சிக் காட்டறேன்."

"அது மருந்தாவ இன்னும் எத்தினி வருசமோ. அதுவரைக்கும் உன் வயிறு காத்துக்கினு இருக்குமா? கெளம்புண்ணா."

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு மாத்திரையையும் திட்டியபடியே விழுங்கினார்; குணமானார். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: மலம் தாராகக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதென்று இருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் எனக்குப் பசி வெறும் பசியாகவே வருகிறது. அதைத் தள்ளிப்போடுவதில்லை. ஓய்வுபெற அதிகக் காலமில்லை. அதற்குள் கடுக்காய்ச் சத்து மருந்தாகாமலே போகலாம். ஆகாவிட்டால் என்ன? சோற்றைத் தின்றுவிட்டு லேபுக்குப் போகிறேன்.