அத்தைக்குத் துணை போன நாள்

அத்தை தன் எடையைவிட அதிகமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவாள். அப்படிப்பட்டவளுக்குப் பாதுகாப்பாக, மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை அனுப்பிவைத்தார் அப்பா. வயசுப்பெண் முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் தனியாகப் போய்வரக் கூடாதாம். வழியில் எவனாவது வம்பு செய்தால் நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பினார் போலிருக்கிறது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபின் அப்பாதான் அவளை வளர்த்தார். கல்லூரியில் சேர்ந்த இடத்தில் பி.டி. டீச்சர் அவளுக்குப் பளு தூக்கப் பழக்கிவிட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இரும்பு என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. தலையில் வாழைத்தார் சுமந்து வரப்பில் நடக்கும் பெண்களைப் பார்த்து அதே ஊர் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் அத்தையின் தொடை வரை தொங்கிய சடையைப் பார்த்துச் சொக்கிப்போய்த்தான் மாப்பிள்ளையின் அம்மா விசாரித்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இரும்பைத் தொடக் கூடாது என்றும் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. மாவட்டப் போட்டிக்கு மட்டும், இதுதான் கடைசி என்ற பேச்சில், அனுமதி கிடைத்தது.

பாளையங்கோட்டையில் போட்டிக்கு முன்னால் எடை பார்த்தார்கள். அத்தை ஐம்பத்து நான்கு கிலோ பிரிவு. மெஷினில் ஏறி நின்றாள். நூற்றைம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. எடை பார்த்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

டீச்சர் பதறவில்லை. “ஏட்டி, இன்னும் நேரம் கிடக்கு. போர்வையைச் சுத்திக்கிட்டு மைதானத்துல ஓடு. வேர்வையா எறங்கிரும்.”

“ஓடுனா தூக்கத் தெம்பு இருக்காது டீச்சர்” என்ற அத்தை, மூலையில் இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பிடரியோடு ஒட்டிச் சடையைப் பிடித்தாள். மழுங்கிய கத்தரி அது. நறநறவென்று அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் “அய்யோ, வேண்டாம்ட்டி” என்று ஓடி வருவதற்குள் சடை கையோடு வந்துவிட்டது. அதை என்னிடம் நீட்டி, “பத்திரமா வச்சுக்கோ. வீட்டுல கேப்பாவ” என்றாள். மறுபடி மெஷினில் ஏறினாள். முள் கோட்டுக்குக் கீழே நின்றது.

முதல் தடவை தூக்கியது சரியாக அமையாமல் பின்னால் விழுந்தது. கூட்டத்தில் எவனோ சிரித்தான். அத்தை அந்தப் பக்கம் திரும்பி, அவன் சிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையில் சுண்ணப்பொடியைத் தேய்த்துக்கொண்டு, இன்னும் கூடுதல் எடை போடச் சொன்னாள். தூக்கினாள். அவளைவிட அதிகம் தூக்க அன்று அங்கே யாரும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மஞ்சப்பைக்குள் சடையை வைத்துக்கொண்டு நான் விசும்பி அழுதேன். அத்தை ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கினாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “என்ன காரியம்ட்டி செஞ்சிட்டு வந்திருக்க? வெள்ளிக்கெழம வாரவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“தங்கச்சி ஜெயிச்சிட்டா, அடுத்து மாநிலப் போட்டிக்குப் போறா அப்படின்னு சொல்லுங்கண்ணே.”

அப்பா கையை ஓங்கினார். அத்தை நகரவில்லை, கண்ணை இமைக்கவும் இல்லை. ஓங்கிய கை தானாக இறங்கியது. அம்மாதான் சமாதானத்துக்கு, “முடிதான, வளந்துரும்லா” என்றாள்.

“இனிமே வளக்க மாட்டேன் மைனி” என்றாள் அத்தை.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் வரவில்லை. அத்தை மாநிலப் போட்டிக்குப் போனாள், அதற்கப்புறம் தேசியப் போட்டிக்கும் போனாள். இரண்டிலும் தங்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவரைத் தானே பேசி முடித்து, கிராப்புத் தலையோடு மணவறையில் உட்கார்ந்தாள். அப்பா முதல் வரிசையில் முறைத்த முகத்தோடு உட்கார்ந்து, தாலி கட்டும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எடைக்காகத் தலைமுடியையே கொடுத்தவள் என்று பள்ளிக்கூடத்தில் நான் பல வருஷம் பெருமை பேசியிருக்கிறேன். கல்லூரிக்குப் போனபின் ஒருமுறை அதை அத்தையிடமே சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நூத்தம்பது கிராமுக்கு முடிய வெட்டணுமாட்டி? எச்சியத் துப்பியே எறக்கியிருப்பேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.”

பஸ்ஸில் அவள் அழாமல் தூங்கியதைப் பார்த்து, துக்கத்தை மனசுக்குள் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அவளுக்கும் சேர்த்து நான் அழுதிருந்தேன். அடக்குவதற்கு அங்கே துக்கமே இல்லை என்பது எனக்கு அன்று தெரியவில்லை.