ஓடும் படத்தின் நடுவே ஒரு பொன்னாடை

சசிதர் என்ன வேலை செய்கிறார் என்று விளக்கினால் கோயம்புத்தூரில் பாதிப் பேர் நம்புவதில்லை. அவருடைய அப்பா கோவிந்தராஜுலு மோட்டார் பம்ப் பட்டறை நடத்தியவர். கல்யாண வீட்டில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "மியூசிக் லைன்ல இருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நழுவிவிடுவார்.

வேலை இதுதான். மேடையில் பெரிய திரை கட்டி முழுப் படத்தையும் ஓட்டுவார்கள். பேச்சும் மற்ற சத்தங்களும் படத்திலிருந்தே வரும். பின்னணி இசையை மட்டும் எடுத்துவிட்டு, அதைத் திரைக்குக் கீழே உட்கார்ந்து எங்கள் ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும். நான் அதில் செல்லோ வாசிப்பவள். எங்களை நடத்துபவர் சசிதர். படத்தோடு இணைத்த தாளம் அவருடைய ஹெட்போனில் மட்டும் டிக் டிக்கென்று ஓடும். எங்களுக்கு அவர் கைதான் தாளம். அவர் கொஞ்சம் பிந்தினால் போதும், கதாநாயகி அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகு சோக வயலின் கிளம்பும். சபை சிரித்துவிடும். படம் யாருக்காகவும் நிற்காது.

சசிதர் டெக்ஸ்டைல் படித்துவிட்டு அப்பாவின் பட்டறையில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. சென்னைக்குப் போய் ஸ்டுடியோக்களில் கீபோர்டு வாசித்து, மற்றவர்களுக்கு நோட்ஸ் எழுதிக்கொடுத்து, மெல்ல மெல்ல இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். ஹைதராபாத்திலும் சிங்கப்பூரிலும் கூப்பிட்டார்கள். சொந்த ஊர் மட்டும் கூப்பிடவில்லை. மனைவி சாய்ப்ரியாவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் பல் கிளினிக், மகள் நவ்யாவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். மனிதர் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவார், ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறுவார். தன் வீட்டிலேயே விருந்தாளி. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரும். ஆனால் இங்கே வேலை இருந்தால்தானே இங்கே இருப்பார்?

போன வருடம் இங்குள்ள ஓர் அரங்கத்தின் டிரஸ்ட் ஒருவழியாக இறங்கி வந்தது. ஒரு நிகழ்ச்சி நடத்திப் பார்ப்பார்கள். பிடித்தால் ஊரிலேயே நிரந்தரமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா, பொறுப்பு சசிதருக்கு. பிடிக்காவிட்டால் பழைய ரயில்தான்.

டிரஸ்டின் தலைவி தெய்வாத்தாள் அம்மாள். காங்கேயத்துப் பக்கம் தோப்பும் எண்ணெய் மில்லும் உள்ளவர். அவர்தான் நிகழ்ச்சியன்று தொடக்கத்தில் சசிதருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஈரோட்டில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போனவர் வந்து சேரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் படத்தைப் போட்டுவிட்டோம்.

எல்லாம் நன்றாகவே போனது. ஒரு சின்னப் பெண் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பாழுங்கிணற்றை நோக்கி ஓடும் காட்சி வந்தது. பேச்சே கிடையாது, முழுக்க முழுக்க இசை. அந்த நேரம் பார்த்து இருட்டில் மேடையேறி வந்தார் டிரஸ்ட் செயலாளர் மனோஜ்குமார். பின்னாலேயே பட்டுச்சேலையில் தெய்வாத்தாள் அம்மாள், அவருக்குப் பின்னால் போட்டோக்காரர். வந்த பெரியவங்க கையால் பொன்னாடை போர்த்தாமல் விட்டால் அவர்களுக்கும் குறை, நமக்கும் குறை என்பது மனோஜ்குமாரின் கணக்கு.

"ஏனுங்க சார், ஒரே நிமிசங்க" என்றார் சசிதரின் காதருகே.

அவர் திரும்பவில்லை. அம்மாள் பின்னாலிருந்தே பொன்னாடையைப் போர்த்தினார். ஹெட்போன் ஒயர் ஜரிகையில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. வலது கை துணிக்குள் சிக்கியது. தாளம் போயிற்று.

இடது கை மேலே எழுந்தது. சசிதர் திரையில் ஓடிய அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்தார். அவள் அடி வைக்க வைக்க அவர் கை இறங்கியது. பள்ளி ஆண்டுவிழாக்களில், ஸ்டெப்பை மறந்த குழந்தைகளின் காலைப் பார்த்துப் பார்த்துக் கீபோர்டு வாசித்த மனிதர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டோம். கிணற்று விளிம்பில் அவள் நின்ற நொடியில் எல்லா வாத்தியமும் ஒன்றாக நின்றது. அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

படம் முடிந்து கைதட்டல் ஓயவே இல்லை. சசிதர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. "பெரியவங்க பொன்னாடை போடறாங்க, நான் திரும்பி ஒரு கும்புடுகூடப் போடல ஹுமேரா. முதுகக் காட்டிட்டு நின்னுட்டேன். அவ்வளவுதான், போச்சு" என்றார் என்னிடம்.

நியாயமான பயம்தான். இங்கே ஸ்வரம் தப்பினால் மன்னிப்பார்கள், வணக்கம் தப்பினால் பேரன் காலம்வரை பேசுவார்கள்.

அவரைத் தள்ளாத குறையாக அம்மாளிடம் கூட்டிப்போனேன். கை கூப்பி, "மன்னிக்கணுங்கம்மா, அப்பத் திரும்ப முடியலீங்க" என்றார்.

"எப்பக் கண்ணு?" என்றார் அம்மாள்.

"பொன்னாடை போட்டீங்களே, அப்பங்க."

"அட போ கண்ணு. அந்தப் புள்ள கெணத்துல உழுந்துபோடுமோன்னு நானு அங்கயே நின்னு பாத்துட்டிருந்தேன். நீ பக்கத்துல இருந்ததே எனக்கு நெனப்பில்ல." பிறகு செயலாளரைப் பார்த்து, "ஏப்பா மனோஜு, தம்பிய இங்கயே வெச்சுக்கோணும். ஆனா பொன்னாடைய மொதல்லயே போட்டுப்போடு" என்றார்.

சசிதர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாய்ப்ரியா, தோளில் தூங்கிப்போயிருந்த நவ்யாவோடு வந்து நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குழந்தையைப் புருஷனின் மடியில் மாற்றிக் கிடத்தினாள்.

"இவள நாளைக்கு யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார் அவர்.

"நீங்கதானுங்க" என்றாள். "நாளைக்கும், நாளான்னைக்கும்."