மந்திரி பெட்டியில் மூக்காயியின் கட்டு

1958 ஆடியில் டில்லியிலிருந்து தந்தி வந்தபோது கீரனூர் வக்கீல் சோலையப்பன் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரையோடு தந்தியை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் ‘தற்காலிகமாக’ என்ற வார்த்தை அவர் கண்ணில் படவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானக் கோர்ட்டில் தொழிலைத் தொடங்கியவர் அவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போன பிறகு காங்கிரஸ் மேடைகளில் பேசிப் பேர் வாங்கினார். நான்கு வருஷமாக டில்லி மேல்சபையில் உறுப்பினர். சபை கூடாத மாதங்களில் ஊரில் வழக்கு நடத்துவார். இப்போது ஒரு துணை மந்திரி இறந்துபோக, அந்த இடத்துக்கு இவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மந்திரியானால் வக்கீல் தொழில் செய்யக்கூடாது. குமாஸ்தா முத்துராமன் இரண்டே நாளில் வழக்குக் கட்டுகளை மற்ற வக்கீல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு கட்டு மட்டும் நகரவில்லை. அது குளத்தூர்ப் பக்கத்து மூக்காயியுடையது. புருஷன் செத்த பிறகு, கண்மாய்க்குக் கீழே இருந்த அவள் ஒன்றரை ஏக்கரைக் கொழுந்தன் கருப்பன் தன்னுடையது என்று வழக்குப் போட்டு ஜெயித்திருந்தான். அப்பீல் செய்ய இன்னும் இருபத்திரண்டு நாள்தான் பாக்கி.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வக்கீலின் படிப்பைவிடக் கைராசி முக்கியம். ஒரு வழக்கில் தோற்றாலும், பல பேருக்கு ஜெயித்துக் கொடுத்த கையிலிருந்து கட்டை வேறு கைக்கு மாற்றினால் ராசியும் போய்விடும் என்பார்கள். வக்கீல்களும் அதை மறுத்துச் சொன்னதில்லை. மறுத்தால் தொழிலுக்கு நஷ்டம்.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் வழியனுப்பக் கூட்டம் நெரிந்தது. மூக்காயி மாலைகளுக்கு நடுவே புகுந்து வந்தாள்.

“ஐயா, குமாஸ்தா எங் கட்ட வேற யாருகிட்டயோ குடுக்கச் சொல்றாரு. நான் குடுக்க மாட்டேன். ஒங்க கையாலதான் எழுதணும்.”

“மந்திரி எழுதக்கூடாது மூக்காயி.”

“யாரு பேர வேணும்னாலும் போட்டுக்கங்க. எழுதுறது நீங்க எழுதுங்க.”

நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘பாத்தியா, மந்திரியானாலும் நம்ம வக்கீலுதான்’ என்று யாரோ சொன்னது அவர் காதில் தேனாக விழுந்தது. கட்டை வாங்கித் தம் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். “டில்லி போனதும் எழுதி அனுப்புறேன்” என்றார். கூட்டம் கை தட்டியது.

டில்லியில் அவருக்கு ஒரு பங்களா கிடைத்தது. வாசலில் ஒரு சேவகன் நின்றான். தினம் ஒரு விருந்து. பெட்டியின் அடியில் கட்டு கிடந்தது. நாளைக்கு என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். நாற்பத்தோராம் நாள் மந்திரி சபையைத் திருத்தி அமைத்தார்கள். தம் பேர் இல்லை என்பதைப் பத்திரிகையில்தான் பார்த்தார்.

திருச்சியில் இறங்கி, கூட்டம் இல்லாத மத்தியான பஸ்ஸாகப் பார்த்து ஏறிக் கீரனூர் வந்து சேர்ந்தார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு நாள் வெளியே வரவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை. திறந்தால் டில்லித் துணிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் நாள் மூக்காயி வந்துவிட்டாள். “அப்பீலு என்னாச்சுங்கய்யா? கருப்பன் ஏர ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்.”

அவர் மனைவி பிரகதாம்பாள்தான் பெட்டியைத் திறந்தாள். பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில், முத்துராமன் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது. கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

முத்துராமன் பதறவில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்றார். “வழக்கமா எழுதுறதுதான் சார். மூக்காயிக்கு மஞ்சக்காமாலை. டாக்டர் சர்ட்டிபிகேட் நான் வாங்கியாறேன்.” அந்தக் காலத்தில் கெடு தாண்டி வந்த பாதி மனுக்களுக்குக் காமாலை கண்டிருந்தது.

மூக்காயி திகைத்தாள். “நான் எப்பய்யா படுத்தேன்? தெனம் கருப்பன் கண்ணெதிர கடலைக்குக் களை வெட்டுனேன். நாலு ஊரு சாட்சி சொல்லும். நெசத்தச் சொன்னா கோர்ட்டுல கேக்க மாட்டாகளா?”

பொய் எடுபடாது, நிலம் போய்விடும். நிஜத்தைச் சொல்ல வேண்டியவர் சோலையப்பன் ஒருத்தர்தான். அன்று சாயங்காலம் பிரமாண வாக்குமூலத்தைத் தாமே எழுதினார்.

திருச்சிக் கோர்ட்டில் கருப்பனுக்காக வந்தவர் அபுபக்கர். சோலையப்பனோடு ஒரே அறையில் பல வருஷம் டீ குடித்த வக்கீல். கூண்டில் நின்றவரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

“கெடு முடிஞ்ச நாள் என்ன செஞ்சீங்க?”

“ஒரு தேநீர் விருந்து.”

“மறுநாள்?”

“போட்டோ எடுத்தாங்க.”

“நாள் பூராவுமா?”

பின் பெஞ்சில் இளைய வக்கீல்கள் சிரித்தார்கள். ஜட்ஜ் தலை நிமிர்ந்ததும் அடங்கினார்கள்.

“சரி, பதவி போச்சு, ஊருக்கு வந்தாச்சு. அப்புறம் எட்டு நாள். அதுக்கு என்ன காரணம்?”

சோலையப்பன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “வெட்கம்.”

“கேக்கலை.”

“வெட்கமா இருந்துச்சு. என்னைப் பத்தி மட்டும்தான் நெனச்சேன். இந்தம்மா நிலம் ஞாபகத்துக்கே வரலை.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அபுபக்கர் வேறு கேள்வி கேட்காமல் உட்கார்ந்தார். குற்றம் வக்கீலுடையது, கட்சிக்காரியுடையது அல்ல என்று சொல்லி ஜட்ஜ் அப்பீலை ஏற்றுக்கொண்டார்.

சாட்சி சொன்னவர் அதே வழக்கை நடத்த முடியாது. கட்டு ரத்தினவேல் என்ற இளைய வக்கீலிடம் போனது. மூக்காயி ராசியைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வருஷத்தில் ரத்தினவேல் ஜெயித்தார். நிலம் மூக்காயிக்கு வந்தது.

மேல்சபைக் காலம் முடிந்ததும் கட்சி சோலையப்பனை மறுபடி கூப்பிடவில்லை. ஊரில் யாராவது ‘மந்திரி’ என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவார்.

அறுபத்தொன்றில் ஒரு நாள் காலை மூக்காயி வந்தாள். தாலுகா ஆபீஸில் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற மனு எழுத வேண்டுமாம்.

“ரத்தினவேல்கிட்ட போகலாமே?”

“அவரு திருச்சியில இருக்காரு. நீங்கதான் பக்கத்துல இருக்கீக.”

“சரி, வச்சிட்டுப் போ. எழுதி வைக்கிறேன்.”

அவள் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “எழுதுங்கய்யா. முடியுற வரைக்கும் இருக்கேன். ஒரு அவசரமும் இல்ல.”

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. சோலையப்பன் பேனாவை எடுத்தார். முகம் காந்தியது. கடைசி வரி எழுதிக் காகிதத்தை நீட்டும்வரை அவர் தலை நிமிரவில்லை.