ரெண்டெஸ்வஸ்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் வீட்டின் மொத்த இங்கிலீஷும் என் பொறுப்பில் இருந்தது. டிகிரி முடித்தபிறகு கைபேசியில் தினமும் வரும் ஒரு புது வார்த்தையைத் தவறாமல் படித்துவந்தேன். ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்பார், "இன்னைக்கு என்ன வார்த்தைலே?" சொல்வேன். தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நல்லாருக்கு என்பார், குழம்பைச் சொல்வது மாதிரியே.

அப்படி வந்ததுதான் ரெண்டெஸ்வஸ். இரண்டு பேர் பேசிவைத்து ஓரிடத்தில் சந்திப்பது என்று பொருள் போட்டிருந்தது. உச்சரிப்பைக் கேட்கும் பொத்தான் என் கைபேசியில் வேலை செய்யாது; எழுத்தைப் பார்த்தே படித்துக்கொள்வேன். இந்த வார்த்தையில் சந்தேகமும் வரவில்லை. சந்திப்பது ரெண்டு பேர்; வார்த்தை தொடங்குவதே ரெண்டில்தான். நம்மிடமிருந்துதான் எடுத்துப் போயிருப்பார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. அன்று ராத்திரி அப்பாவும் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்றார்.

ஜங்ஷன் பக்கம் மோட்டார் பம்ப் விற்கும் கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இது கிடைக்காவிட்டால் மறுநாளிலிருந்து அப்பாவோடு சூளையில் செங்கல் சுமப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த வார்த்தையை இங்கே இறக்காமல் வேறெங்கே இறக்குவது? நேர்காணல் நடத்திய மேடம் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் ஊர், படிப்பு எல்லாம் இங்கிலீஷில் சொல்லி, நமக்குள் இது ஒரு ரெண்டெஸ்வஸ் என்று முடித்தேன்.

மேடம் பேனாவை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ரெண்டு பஸ்ஸா? கஷ்டம்லா தம்பி. காலையில நேரத்துக்கு இங்கன இருக்கணுமே."

சேரன்மகாதேவியிலிருந்து ஒரே பஸ்தான் என்றேன். பின்னே ஏன் ரெண்டு என்றீர்கள் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"அது ராண்டேவூ தம்பி."

"அதுவும் தெரியும் மேடம். அது வேற வார்த்தை."

உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். ஏதோ வீடியோவில் கேட்டு அதையும் சேர்த்துவைத்திருந்தேன். பொருள் ஒன்றாக இருந்ததை இங்கிலீஷின் வளம் என்று எடுத்துக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை, பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு, பம்ப் ஓடவில்லை என்று விவசாயி யாராவது போனில் சத்தம் போட்டால் என்ன சொல்வீர்கள் என்றார்.

"பையச் சொல்லுங்க அண்ணாச்சி, தண்ணி ஏறலையா, மோட்டாரே சுத்தலையா?"

இதை நான் எந்த வார்த்தையும் தேடாமல் சொல்லிவிட்டேன்.

வேலை கிடைத்தது. ஆனால் ஜங்ஷனில் இல்லை, ஸ்ரீவைகுண்டம் கிளையில். சேரன்மகாதேவியில் ஏறி, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே இன்னொன்று பிடிக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். ரெண்டு பஸ்ஸா என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"அன்னைக்கே சொன்னியேலே, அந்த வார்த்தையில."