எட்டு பிளக் வண்டி

எங்கள் கூடத்தில் பல் செட் செய்கிறோம். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவோம். எனக்குப் பக்கத்து மேசைக்காரிக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். கடைவாய்ப் பல்லின் ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு, "இந்த ஆளு வலது பக்கமே மெல்லுறாரு, இடது பக்கம் ஏதோ வலி" என்பாள். டாக்டரைக் கேட்டால் ஆமாம் என்பார்.

ஆனால் அந்தப் பெயரை வைத்தது நாங்கள் இல்லை, பழைய கார் சங்கத்துக்காரர்கள். சங்கத்தைத் தொடங்கியவன் அவளுடைய அண்ணன். பழைய கார்களை வாங்கி, சரிசெய்து விற்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். எக்ஸ்ரேதான் என்னையும் இழுத்துப் போனாள். அங்கே ஒரு விளையாட்டு உண்டு. ஒரு காரின் படத்தை அட்டையால் மூடி, அட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு அண்ணன் கொண்டுவருவான். ஓட்டையில் தெரிவதை வைத்து அது என்ன கார் என்று துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். எல்லாமே இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள், அதிலும் ஐம்பதுகளில் கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்டவை. நாங்கள் கதவு என்போம், பானெட் என்போம், அடித்துக்கொள்வோம். எக்ஸ்ரே கடைசியில் எட்டிப் பார்ப்பாள். ஒருமுறை, "லான்சியா. படத்தைத் தலைகீழா ஒட்டியிருக்கே அண்ணா" என்றாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

சின்ன வயதில் அவன் பத்திரிகையில் வரும் கார் படங்களை உள்ளங்கையால் மூடி, விரல்களை லேசாக விலக்கி அவளைக் கேட்பானாம். அதுதான் இப்படி வளர்ந்து சங்கமானது.

ஒரு ஞாயிறு விளையாட்டு முடிந்ததும் அவளிடம் ஓர் உறையைக் கொடுத்தான்.

"ஒரு வீட்டு ஷெட்டுல கிடக்குது பாப்பா. வீட்டுக்காரர் இறந்துட்டாரு. அது என்ன வண்டின்னு அந்தம்மாவுக்குத் தெரியணுமாம். பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடு. உன் கண்ணைப் பத்திச் சொல்லியிருக்கேன், உன் கையெழுத்துன்னா அவங்களுக்கு ஒரு திருப்தி."

உள்ளே ஐந்து படங்கள், எல்லாமே கிட்டத்தில் எடுத்தவை, கூரை ஒன்றிலும் இல்லை. அவள் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தாள், செல்போனிலும் படமெடுத்து வைத்துக்கொண்டாள். ஃபியட் 1100-இன் நாலு சிலிண்டர் இன்ஜின், மேலே ஏதோ பட்டறையில் பின்னால் கட்டிய உடல், ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், அரிய வண்டி அல்ல என்று எழுதினாள். கையெழுத்துப் போடும் முன் ஒரு படத்தை என்னிடம் நீட்டினாள்.

"மத்த நாலுலயும் வெளிச்சம் வலப்பக்கம். இன்ஜின் படத்துல மட்டும் இடப்பக்கம் இருந்து விழுதே, சார்."

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. வேற நாள்ல எடுத்திருப்பான்."

கையெழுத்துப் போட்டாள், கீழே கூடத்தின் விலாசத்தையும் எழுதினாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளை முடியை இறுக்கி வாரிய ஓர் அம்மா கூடத்துக்குள் வந்து நின்றார். ஒரு கையில் அந்தக் கடிதம், மறு கையில் அன்றைய செய்தித்தாள்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான். உட்காருங்க மேடம்" என்றாள் எக்ஸ்ரே.

"உட்கார வரல. அரிய வண்டி இல்லைன்னு எழுதினீங்க. நம்பித்தான் பழைய இரும்பு விலைக்கு உங்க அண்ணன்கிட்ட கொடுத்தேன். இப்ப அவரு அது பக்கத்துல நின்னு பேப்பர்ல சிரிக்கறாரு."

செய்தித்தாளில் வெள்ளி நிறக் காரின் மூக்குப் பகுதியை முக்கால்வாசி மறைத்துச் சாய்ந்தபடி அண்ணன். உலகத்திலேயே நூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள் என்று கீழே போட்டிருந்தது.

"இது வேற வண்டியா இருக்கும் மேடம். நான் பார்த்த படத்துல நாலு சிலிண்டர்."

"நாலா? எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு முப்பது வருஷம் பிளக் எடுத்துக் கொடுத்தவ நான். சிலிண்டருக்கு ஒண்ணா எட்டு பிளக். கணக்கு டீச்சருக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

எக்ஸ்ரேயின் கையில் மெழுகுக் கத்தி அப்படியே நின்றது. மெழுகு மேசையில் சொட்டியது.

"கூரை? கூரை எப்படி இருக்கும் டீச்சர்?"

"ரெண்டு மேடு. ஓட்டுறவங்க தலைக்கு மேல ஒண்ணு, பக்கத்துல இருக்கறவங்க தலைக்கு மேல ஒண்ணு. பிள்ளைங்க அதை ஒட்டகம்னுதான் கூப்பிடுவாங்க."

"ஃபியட் எட்டு வி" என்றாள் அவள், அந்த எட்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரின் பெயரை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

செல்போனில் இருந்த இன்ஜின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பேட்டரியைத் தாங்கும் தகட்டில் கோணலாக ஒரு வெல்டிங். அதை நான்தான் முதலில் பார்த்தேன். போன வருஷம் அண்ணன் விற்ற பச்சை ஃபியட்டின் இன்ஜின் அது. ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் தள்ளினோம்.

அன்று மதியமே அண்ணனின் ஷெட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். உள்ளே துணி போர்த்திய கார் ஒன்று நின்றது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"டீச்சர் வந்திருந்தாங்க அண்ணா."

அவன் கைகளைத் துணியில் துடைத்தான். மறுக்கவில்லை. "நீ ஏன் பதறுற? உன் மேல என்ன தப்பு? படத்துல இருந்ததை எழுதின. சரியாத்தான் எழுதின."

"பச்சை வண்டி இன்ஜினை எனக்காகவே அதுல சேர்த்தியா?"

"வேற யாரு எழுதினா அந்தம்மா நம்பும்?"

"என்னை நேர்ல கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"போயிருந்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்ப" என்றான், லேசாகச் சிரித்துக்கொண்டே. "உன் கண்ணு எனக்குத் தெரியாதா பாப்பா?"

பிறகு துணியின் ஓரத்தைப் பிடித்து, "பார்க்கறியா?" என்று கேட்டான். அவள் வெளியே நடந்துவிட்டாள். பஸ் ஸ்டாப் வரை நானும் பின்னாலேயே போனேன். அங்கே வந்ததும், "வெளிச்சம் மாறியிருந்துச்சு சார். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் வரவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தோம். "குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள்ள வச்சுக்கலாமேம்மா" என்றார் பொருளாளர். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் தேடித் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம். அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் அவள் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்த வெல்டிங்கைப் பார்த்தது நீங்கதான். வக்கீல்கிட்ட அதை மட்டும் எழுதிக் கொடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அவளும் தன் கடிதம் தவறு என்றும், அது எப்படி எழுதப்பட்டது என்றும் மூன்று பக்கம் எழுதி டீச்சரின் வக்கீலிடம் கொடுத்தாள். அண்ணி போன் மேல் போன் போட்டு அழுதாள்: "கூடப் பொறந்தவனைக் கோர்ட்டுல நிறுத்திப் பார்க்கணும்னு ஆசையா உனக்கு?" எக்ஸ்ரேயின் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், அதிகம் பேசாதவர். "எழுதினது நீ. அதை அடிக்கறதும் நீதான் அடிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம்.

விஷயம் கோர்ட்டு வரை போகவில்லை. ஐந்து மாதம் இழுத்தடித்துவிட்டு, கொடுத்த காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அண்ணன் வண்டியை டீச்சர் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அதோடு தங்கையோடு பேச்சு நின்றது. சங்கப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். அண்ணன் பெயர் இன்னும் இருக்கிறது. நான் போவதை நிறுத்திவிட்டேன், அதற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். டீச்சர் அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை டீச்சரிடமிருந்து போன். வண்டியை ஒரு மியூசியத்துக்குக் கொடுக்கிறார், லாரி பதினோரு மணிக்கு வருகிறது. "பார்க்கணும்னா வாங்க. நீங்க இன்னும் அதைப் பார்த்ததே இல்லையாமே, வக்கீல் சொன்னாரு."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் போனோம். ஷெட் கதவு திறந்திருந்தது. வெள்ளி நிற உடல், கூரையில் இரண்டு மேடுகள். அவள் மூன்று முறை சுற்றி வந்தாள். பின் சக்கரத்தின் மேல் தகடு வளையும் இடத்தில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அதுதானா?" என்றார் டீச்சர்.

"அதேதான் டீச்சர்."

லாரி கிளம்பியதும் தெருமுனை வரை நடந்தோம். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள், எதையோ தேடினாள், சட்டென்று நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா?"

"அவன் நம்பரை எடுத்துட்டேன் சார். 'அண்ணா, எட்டு வி பார்த்துட்டேன்'னு சொல்ல."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். கூடத்தில் அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய செட் இரண்டு பாக்கி இருந்தன. வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.